கணிப்பிலேயே குணமானவர்

சீக்காளிக்கு மருந்தைக் கொடுத்துவிட்டுக் குணமாகிறாரா என்று பார்ப்பது பழைய வழக்கம். கொடுத்தால் குணமாவாரா என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் கொடுக்கலாமா வேண்டாமா என்று கூட்டம் போடுவது புது வழக்கம். இந்தப் புது வழக்கத்துக்கென்றே கொடைக்கானலில் நாயுடுபுரம் போகிற வழியில் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. வாசலில் கருங்கல்லில் ‘மனோதயம் மனநல முன்னறிவிப்பு உயராய்வு மையம்’ என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் மஞ்சுப் பனி வந்து பாதிப் பெயரை மூடிவிடும். ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு நேரம் நிற்கப் பொறுமை கிடையாது. ஜோசிய ஆஸ்பத்திரி என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு அலாவுதீனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மகள் ஜஹீரா.

ஏழு ரோட்டுப் பக்கம் அலாவுதீனுக்கு ஒரு கடை. சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு. கடையில் எடை போடுவது அலாவுதீன், பேசுவது அவர் மனைவி சர்புன்னிசா. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அந்தம்மாள் பேசுகிற பேச்சுக்காகவே போன சீசனுக்கு வந்தவர்கள் இந்த சீசனுக்கும் வருவார்கள். யார் மருமகளுக்குக் குழந்தை பிறந்தது, யார் மாமனாருக்கு முட்டுவலி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அலாவுதீன் முப்பது வருஷமாகத் தராசைப் பார்த்துக்கொண்டே குடும்பம் நடத்திவிட்டார்.

போன ஐப்பசி மழையில் சர்புன்னிசாவுக்கு நெஞ்சு வலித்தது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற வழியிலேயே, டம்டம் பாறைக்கு மேலேயே, மூச்சு நின்றுவிட்டது. நாற்பதாம் நாள் ஓதி முடிந்ததும் அலாவுதீன் கடையைத் திறந்தார். முதல் ஆளாக வந்தவர் கோயமுத்தூர்க்கார அம்மாள், வருஷா வருஷம் வருகிறவர்.

“அக்கா எங்க பாய்?” என்று கேட்டார்.

அலாவுதீனுக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அப்புறம் ஒரு வார்த்தை வந்தது. அது பொய்யாக இருந்தது.

“உள்ள இருக்கா.”

“அப்ப இருந்து பாத்துட்டே போறேன்” என்று அந்தம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரம், அரைமணி நேரம். இடையிடையே உள்ளே எட்டிப் பார்த்து, “அக்கா, நான்தான் வந்திருக்கேன்” என்று குரல் வேறு கொடுத்தார். அலாவுதீன் எழுந்தார். “கடை சாத்துற நேரம்” என்று காலை பத்தரை மணிக்குச் சொல்லி ஷட்டரை இறக்கினார். அதோடு ஏற்றவில்லை.

ஜஹீரா மதுரையில் வாழ்க்கைப்பட்டவள். வந்து பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள்.

“பெருநாள் வரைக்கும் பாப்பேன் அத்தா. அதுக்குள்ள கடையத் தெறக்கணும். இல்லைன்னா சாமானத்தைக் கட்டி மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ஒத்தையில இந்தக் குளிர்ல நீங்க இப்படிக் கெடக்கிறத என்னால பாக்க முடியாது.”

“மதுரைக்கா? அந்த வேக்காட்டுலயா?”

“அப்ப யார்கிட்டயாச்சும் மனசு விட்டுப் பேசுங்க. அந்த ஜோசிய ஆஸ்பத்திரியில பேசுறதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காகளாம். காசு கெடையாதாம்.”

அலாவுதீனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மலையை விட்டு இறங்குவது அவருக்கு இரண்டாம் மவுத்து, இன்னொரு சாவு. பேசினால் தீரும் என்றால் பேசிவிட்டுப் போகலாமே.

மையத்தின் இயக்குநர் டாக்டர் சேனாதிபதி. சென்னையிலிருந்து மலையேறியவர். அலாவுதீனுக்கு அவரை நன்றாகத் தெரியும். மாதாமாதம் தலைவலிக்குத் தைலம் வாங்குகிறவர். கல்லாவுக்கு முன்னால் நின்று சர்புன்னிசாவிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். எடை போட்டவரை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. கையில் இருந்த பலகைத் திரையைப் பார்த்துக்கொண்டே வரவேற்றார்.

“வாங்க, பங்கேற்பாளரே. இங்க நாங்க யாரையும் நோயாளின்னு சொல்றதில்ல. நோய் இருக்கான்னு இன்னும் கணிக்கலையே. பேச்சு சிகிச்சை எல்லாருக்கும் பலிக்காது. யாருக்குப் பலிக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சிட்டா எவ்வளவு மிச்சம்? அதுக்குத்தான் இந்தப் பட்டை.”

புள்ளிவிவர அதிகாரி சிவமுருகன் ஒரு கறுப்புப் பட்டையை எடுத்து அலாவுதீனின் மணிக்கட்டில் கட்டினான். முப்பது வயதுக்குள் இருப்பான். சிரிப்பதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டியவன் போன்ற முகம்.

“இதக் கட்டுனா தூக்கம் வருமா தம்பி?”

“தூக்கம் வராது பாய். நீங்க தூங்கலைன்னு எங்களுக்குத் தெரியும்.”

“அது எனக்கே தெரியுமே.”

“நீங்க சொல்றதுக்கு ஆதாரம் வேணும்ல?”

நாடித்துடிப்பு, நடை, தூக்கம், புரளல், எல்லாவற்றையும் பட்டை பார்த்துக்கொள்ளும். யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறார், எங்கே போகிறார் என்பதைப் போன் பார்த்துக்கொள்ளும். பேசுகிற டாக்டரம்மாவை மட்டும் இப்போதைக்குப் பார்க்க முடியாது. முதலில் கணிப்பு, அப்புறம்தான் பேச்சு. போகிற வழியில் நடைக்கூடத்தில் ஒரு கதவைக் காட்டினார்கள். ‘தேவசேனா, உளவியல் ஆலோசகர்’ என்று பலகை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண், எதிரே ஒரு காலி நாற்காலி, நடுவில் பிரிக்காத காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அலாவுதீனைப் பார்த்ததும் அவள் ஆவலாக எழுந்தாள். “இன்னும் இல்லம்மா” என்று சிவமுருகன் கை காட்டவும் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே போன் டிங் என்றது. ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்? ஒன்று முதல் பத்துக்குள் அழுத்தவும்.’

இங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் அலாவுதீன் வம்சத்தில் ஒரே பதில்தான். அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன். காய்ச்சலில் கிடந்தாலும் அதுதான், கடன்காரன் வாசலில் நின்றாலும் அதுதான். மனைவியை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போது கேட்டவர்களுக்கும் அலாவுதீன் அதையேதான் சொன்னார். புகழெல்லாம் இறைவனுக்கு என்று வாய் சொல்லும்போது விரல் மட்டும் இரண்டு என்று அழுத்தினால், படைத்தவனிடம் எட்டுக் குறைகிறது என்று கணக்குக் கேட்டமாதிரி ஆகாதா? அவர் பத்தை அழுத்தினார். மறுநாள் தொழுகைப் பாயில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தபோது டிங் என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்தை அழுத்தினார். வைத்த சோறு வைத்தபடி ஆறிக் கிடந்தபோதும் பத்து. சர்புன்னிசாவின் சால்வை கொடியிலிருந்து விழுந்ததை எடுத்து மடிக்க முடியாமல் நின்றபோதும் பத்து.

தை பிறந்து சில நாளில் கணிப்பு வந்தது. சிவமுருகன் எழுந்து நின்று கைகொடுத்தான்.

“தொண்ணூத்தெட்டு சதவீதம் பாய்! மையத்தோட வரலாத்துல இப்படி ஒரு மதிப்பெண் வந்ததே இல்ல. நீங்க குணமாயிருவீங்க.”

“சந்தோசம் தம்பி. அப்ப அந்தம்மாகிட்ட என்னைக்குப் பேச வரட்டும்?”

“எதுக்குப் பேசணும்? அதான் குணமாயிருவீங்களே.”

“பேசுனாத்தானே தம்பி குணமாகும்?”

“குணமாகும்னு உறுதியாத் தெரிஞ்சப்புறம் பேசி நேரத்தை வீணாக்கலாமா? உங்களை ‘கணிப்பிலேயே குணமானவர்கள்’ பட்டியல்ல சேத்தாச்சு.”

“குணமாகாதுன்னு வந்தா?”

“அவங்ககிட்டப் பேசி என்ன பிரயோசனம்?”

“ரெண்டுங்கெட்டானா வந்தா?”

“இன்னும் கொஞ்ச நாள் பட்டை கட்டச் சொல்லுவோம்.”

அலாவுதீன் தராசு பிடித்த மனிதர். இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப அந்த டாக்டரம்மாகிட்ட யாருதான் தம்பி பேசுவா?”

சிவமுருகன் யோசித்தான். அவன் யோசித்து யாரும் பார்த்ததில்லை. அவனுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். “அது வேற டிபார்ட்மெண்ட் பாய்” என்றான்.

குணமானதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. சேனாதிபதியோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், அலாவுதீன் சிரித்தார். சொன்னதைச் செய்கிற குணம் அவருக்கு எப்போதும் உண்டு. போட்டோ ஜஹீராவுக்குப் போனது.

“குணமாயிட்டீகளாமே அத்தா? அப்ப கடையத் தெறந்தாச்சா?”

அலாவுதீன் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பூட்டைத் தொட்டார். உள்ளே இருக்கா என்று சொன்னது இன்னும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டார். சான்றிதழைச் சுவரில் மாட்டக் கை வரவில்லை. அரிசிப் பானைக்குத் தட்டு இல்லாமல் இருந்தது. அதற்கு அளவாகப் பொருந்தியது.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அதற்கும் பட்டை கட்டியே ஆக வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வீரம்மாள். கிளாவரையிலிருந்து வந்த விவசாயி. மடியில் ஒரு பை மலைப்பூண்டு.

“உங்களுக்கு என்னம்மா?”

“எனக்கு என்ன? ஒண்ணுமில்ல. எங்க ஊரே யாரோடயும் பேசாம ஒதுங்கிக் கெடக்குதாம். ஊருக்கே பட்டையும் போனும் குடுத்தாக. எங்க ஊர்ல டவர் ஏது? போன் பேசலைன்னதும் ஊரே மனசொடிஞ்சு போச்சுன்னு ஜீப்பெடுத்து வந்துட்டாக. நாங்க எல்லாம் காட்டுல பூண்டு புடுங்கிட்டுப் பேசிச் சிரிச்சிட்டு இருக்கோம். வந்தவுக அதைப் பாத்துட்டு, ‘நேருல பேசுறதெல்லாம் கணக்குல வராதும்மா’ன்னு சொல்லிட்டுப் போனாக.”

“இப்ப எதுக்கு வந்தீக?”

“ஊரு சார்பா ஒரு ஆளு போன் பேசிக் காட்டணுமாம். ஏழு ரோட்டுல நின்னு யாருக்காச்சும் பேசணும். எனக்குத் தெரிஞ்சவுக எல்லாம் கிளாவரையிலதான் இருக்காக. யாருக்குன்னு பேச?”

அலாவுதீன் தன் நம்பரைக் கொடுத்தார். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் போனில் சற்று நேரம் பூண்டு விலை பேசினார்கள். கிளாவரையின் மனநலம் அன்று மாலை முன்னேறியது.

மாசி பிறந்தது, கூடவே நோன்பும் பிறந்தது. பட்டைக்கு நோன்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லிவைக்கவில்லை. வெள்ளனே எழுந்து சஹருக்குச் சாப்பிட்டால், ‘அகால உணவு வெறி’ என்று எழுதிக்கொண்டது. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாமல் சோர்ந்து உட்கார்ந்திருந்தால், ‘உணவு மறுப்பு, இயக்கக் குறைவு’. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கழற்றி வைத்தால், ‘தப்பிக்கும் முயற்சி’, அதுவும் தினம் ஐந்து தடவை. தராவீஹ் தொழுகையில் எழுந்து குனிந்து விழுந்து எழுந்தால், ‘காரணமற்ற தொடர் பதற்றம்’. போனோ பள்ளிவாசலில் மௌனமாகக் கிடந்தது. இவ்வளவுக்கும் நடுவே மனிதர் மட்டும் டிங் என்றால் பத்து, டிங் என்றால் பத்து என்று அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நோன்பு திறக்கிற நேரம். பாங்கு சொன்னதும் அலாவுதீன் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, சூடான நோன்புக் கஞ்சியை ஒரே இழுப்பாக இழுத்தார். பகலெல்லாம் தூங்கிய நாடி துள்ளி எழுந்தது. மையத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கஞ்சிக் கோப்பை காலியாவதற்குள் பள்ளிவாசல் முன்னால் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு இறங்கிய இரண்டு பேரும் ஓடிவந்தார்கள்.

“யாருங்க அலாவுதீன்? படுங்க, படுங்க, வெரசா!”

“நான்தான். எதுக்குப் படுக்கணும்? மொதல்ல நீங்க உக்காருங்க. ஓடி வந்திருக்கீக, ஒரு வாய் கஞ்சி குடிங்க.”

குடித்தார்கள். வடையும் தின்றார்கள். இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் கையிலும் மையத்தின் பட்டை இருந்தது. பல மாதத்தில் முதல் தடவையாக அது மகிழ்ச்சி என்று காட்டியதாம். மறுநாள் இருவருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

உடம்பு சாகப்போகிறேன் என்கிறது, மனிதர் பத்து என்கிறார். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் அல்லது இரண்டும் சேர்ந்து ஒரு கண்டுபிடிப்பாக இருக்க வேண்டும். சேனாதிபதி கண்டுபிடிப்பு என்று முடிவெடுத்தார். அதற்கு ‘அலாவுதீன் முரண்’ என்று பேர் வைத்தார். ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் மாநாடு கூட்டினார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் அந்த ஊர்க் குளிருக்குப் பயந்தவர்கள் வந்திருந்தார்கள்.

“நண்பர்களே!” என்று ஆரம்பித்தார். “அந்தக் காலத்துல நோயாளியை எதிர்ல உக்கார வெச்சு, அவர் சொல்றதைக் கேட்டு, அப்புறம் முடிவெடுத்தாங்க. எவ்வளவு ஆபத்தான முறை பாருங்க! அவர் எதை வேணும்னாலும் சொல்லலாம். அழலாம். நம்மையும் அழ வைக்கலாம். எங்க மையத்துல அந்த ஆபத்து அறவே கிடையாது. மூணு வருஷமா நாங்க ஒருத்தர் சொன்னதையும் காது கொடுத்துக் கேட்டதில்ல.” கைதட்டல். “எங்க கணிப்பு ஒண்ணுகூட இதுவரைக்கும் தப்புன்னு நிரூபிக்கப்படல. சிகிச்சை கொடுத்துப் பாத்தாத்தானே தப்புன்னு தெரியும்? அந்த வாய்ப்பை நாங்க யாருக்கும் கொடுத்ததில்ல.” பெரிய கைதட்டல். “வர்ற ஆண்டு இன்னும் ஒரு படி மேல போறோம். யாருக்குக் கணிப்பு பலிக்கும்னு முன்கூட்டியே கணிக்கப் போறோம்.”

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அலாவுதீனை மேடையில் ஏற்றினார்கள்.

“எப்படி இருக்கீங்க?” என்று மைக்கை நீட்டினார் சேனாதிபதி.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்.”

“பாத்தீங்களா!” என்று சபையைப் பார்த்துக் கை விரித்தார் இயக்குநர். மல்லிகைப்பூவைப் பந்து பந்தாகக் கட்டிய ஒரு மாலையைக் கழுத்தில் போட்டார்கள். அலாவுதீனுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. இத்தனை பேர் இத்தனை தூரம் வந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒருத்தருக்குக்கூடத் தன்னிடம் பேசத் தோன்றவில்லையே என்று இருந்தது. நோன்பாளி கோபப்படக் கூடாது. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு நழுவிவிடக் கூடாதல்லவா? பட்டையை இனி வீட்டில் கழற்றிச் சார்ஜ் போடக் கூடாது, மையத்துக்கு வந்து கண்காணிப்பில்தான் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கே போடுவது என்று தேடினார்கள். எல்லா அறையிலும் எல்லாப் பிளக்கிலும் ஏதாவது ஒரு யந்திரம் சொருகியிருந்தது. யாரும் வராத ஒரே அறையில்தான் பிளக் காலியாக இருந்தது. அது தேவசேனாவின் அறை.

அலாவுதீன் போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டை சுவரோரம் கிடந்து பச்சையாக மினுங்கியது. மையத்தின் விதிப்படி அந்த நேரத்துக்கு அவர் உலகத்தில் இல்லை.

தேவசேனா பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. அவளும் சற்று நேரம் தன் மணிக்கட்டுப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு அதைக் கழற்றி அவருடையதற்குப் பக்கத்தில் சொருகினாள்.

“உங்ககிட்ட நான் சிகிச்சைப் பேச்சுப் பேசக் கூடாது பாய். கணிப்பு இன்னும் முடியல. சும்மா வேணாப் பேசலாம்.”

“சும்மாவே பேசுங்கம்மா.”

“எப்படி இருக்கீங்க?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்.”

“எங்க அப்பாவும் இப்படித்தான். தம்பி விபத்துல அடிபட்டுக் கெடக்கிறப்பக்கூட, முருகன் புண்ணியத்துல நல்லா இருக்கோம்பாரு.” அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். “பாய், அது ஆண்டவனுக்குச் சொன்ன பதில். அதுல நான் குறுக்க வரல. ஆனா கேட்டது நான்ல? எனக்கு என்ன பதில்?”

அலாவுதீன் அவளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் யாரும் இப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. ஆண்டவனுக்கு ஒரு பதில், மனுஷருக்கு ஒரு பதில் என்று வைத்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

“நல்லா இல்லம்மா” என்றார். சொன்னதும் தலை தானாகக் குனிந்தது. “உள்ள இருக்கான்னு சொல்லிட்டேன்ம்மா. அந்தக் கோயமுத்தூர் அம்மா கேட்டப்ப. இல்லைன்னு சொல்ல வாய் வரல. இப்பக் கடையத் தெறந்தா, வர்றவுக எல்லாம் கேப்பாக. எத்தன பேருக்கு நான் சொல்றது? ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் அவ ஒவ்வொரு தடவ போவாளே.”

தேவசேனா கைக்குட்டைப் பெட்டியைப் பிரிக்கப் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பிரிக்காத பெட்டி, மலைக்குளிரில் பசை இறுகிப்போய் வரவில்லை. அலாவுதீன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க நெடுநேரம் ஆனது. அவள் எதையும் எழுதவில்லை, எதையும் அழுத்தவில்லை. பட்டைகள் இரண்டும் சார்ஜ் ஏறிக் கிடந்தன.

அதற்கப்புறம் அவர் பட்டையில் தினம் தினம் சார்ஜ் தீர்ந்துபோனது. பாட்டரி கோளாறு என்று மையத்தில் புதுப் பட்டை கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. உள்ளே சும்மாப் பேச்சு நடந்தது. சர்புன்னிசா கருப்பட்டி போட்டு இறக்குகிற காப்பியைப் பற்றி, அந்தம்மாள் போடுகிற சண்டையைப் பற்றி, டம்டம் பாறை வளைவில் அவர் கடைசியாகக் கேட்டது கடைச்சாவியைத்தான் என்பதைப் பற்றி. சில நாள் தேவசேனாவே வாடிக்கையாளராக நடித்தாள்.

“நான் கோயமுத்தூர்லருந்து வர்றேன். அக்கா எங்க பாய்?”

அலாவுதீன் மூச்சை இழுத்துப் பிடிப்பார். உதடு கூடும். “கால் கிலோவா, அரைக் கிலோவா?” என்பார். இருவரும் சிரிப்பார்கள். மறுபடி கேட்பாள்.

பெருநாளுக்கு முந்தின நாள் ஜஹீரா சாமான் ஏற்ற வேன் பிடித்துக்கொண்டு மதுரையிலிருந்து வந்தாள். வீடு பூட்டியிருந்தது. பதறிப்போய்க் கடைவீதிக்கு ஓடினாள். ஷட்டர் மேலே ஏறியிருந்தது. அத்தா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லா நாற்காலி அப்படியே இருந்தது, அதன் மேல் சால்வை மடித்து வைத்திருந்தது. ஒன்றும் கேட்காமல், “கால் கிலோ சாக்லேட்டுக் குடுங்க பாய்” என்றாள்.

“வேன்காரருக்கும் சேத்து அரைக் கிலோவா வாங்கிக்கம்மா” என்றார் அலாவுதீன்.

ஆனாலும் அவருக்கு உள்ளூர உதறல்தான். கடை திறந்தாயிற்று, மகளும் வெறும் வேனோடு இறங்கிப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். சீசன் கூட்டம் இன்னும் ஏறவில்லை. யார் முதலில் கேட்பார்கள், அப்போது வாய் என்ன சொல்லும் என்று ஒவ்வொரு கார் நிற்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பட்டையைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டாரே, அந்த அடி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு மத்தியானம் சேனாதிபதி வந்தார். கையில் பலகைத் திரை. முகம் வாடியிருந்தது.

“உங்களாலதான் பெரிய சிக்கல், பங்கேற்பாளரே. கடைசிக் கணிப்புப்படி நீங்க தேற வாய்ப்பு நாலே சதவீதம். நீங்க கடையைத் திறந்துட்டீங்க. அறிக்கையில எப்படி எழுதறதுன்னு தெரியல. பாத்தா, தினமும் ஒரு மணி நேரம் டேட்டாவே இல்ல. அந்த நேரத்துல என்ன நடந்துச்சு?”

“சார்ஜ் போட்டிருந்துச்சு சார்.”

“அது தெரியும். நீங்க என்ன பண்ணீங்க?”

“நானும் அங்கதான் சார் உக்காந்திருந்தேன்.”

சேனாதிபதி அதை எழுதிக்கொண்டார். நெற்றியை அழுத்திப் பிடித்தார். அப்போதுதான் திரையிலிருந்து முதல் தடவையாகக் கண்ணை எடுத்தார். தைலப் பாட்டில்களைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், இந்தக் கடைதானா அது என்று முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கல்லாப் பக்கம் திரும்பினார்.

“இங்க ஒரு அம்மா உக்காந்திருப்பாங்களே? தலைவலின்னு வந்தா, போனை வெச்சிட்டு வெள்ளனே தூங்குங்க சார்னு திட்டுவாங்க. அவங்க எங்க?”

கேட்டேவிட்டார். உலகத்தில் வேறு ஆள் கிடைக்காத மாதிரி இவர் வந்து கேட்டுவிட்டார்.

அலாவுதீன் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். தட்டு ஆடியது, நின்றது.

“மவுத்தாயிட்டா சார். இறந்துட்டா. போன ஐப்பசியில. என் வீட்டுக்காரி அவ.”

சொல்லிவிட்டார். கடை இடிந்து விழவில்லை. வெளியே குதிரைக்காரர் ஒருவர் யாரையோ சவாரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்தது, அதை அவர் துடைக்கவில்லை.

சேனாதிபதி திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாடி இருந்தது, நடை இருந்தது, பத்து பத்தாகப் பத்து இருந்தது.

“இது எங்க டேட்டாவில வரலையே” என்றார்.

“நீங்க கேக்கலையே சார்.”

அலாவுதீன் ஒரு தைலப் பாட்டிலை எடுத்துத் துடைத்து முன்னால் வைத்தார். அந்த மனிதரின் கண்ணுக்கடியில் கறுத்துக் கிடப்பதை அப்போதுதான் கவனித்தார். சர்புன்னிசாவாக இருந்தால் இந்நேரம் கேட்டிருப்பாள். அவள் இல்லை, கேட்க வேண்டியவர் இனி அவர்தான்.

“நீங்க எப்படி சார் இருக்கீங்க?”

சேனாதிபதி வழக்கப்படி கையைத் திருப்பி மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்தார். சார்ஜ் தீர்ந்து இருண்டு கிடந்தது. தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி, தொலைந்துபோன பிள்ளை மாதிரி அலாவுதீனைப் பார்த்தார்.

அலாவுதீன் கோயமுத்தூர் அம்மாள் உட்கார்ந்திருந்த அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார். எனக்கும் இப்ப சோலி ஒண்ணும் இல்ல.”